பரவாயில்லைக்கு நான்கு மதிப்பெண்

பிப்ரவரி 3, வெள்ளி

தலைநகர் மாலேயிலிருந்து ஐந்து மணி நேரப் படகு. இரண்டு முறை வாந்தி. மிதிலிதூ தீவு இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. படகுத்துறையிலிருந்து நடந்தால் கால்மணியில் மறுகரை. நூற்றிருபது வீடுகள். வெள்ளை மணல் தெருக்கள். விடுமுறை நாள் என்பதால் வெளியே ஆளில்லை.

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று எனக்கே ஒருமுறை எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது. கடல் ஏறி ஏறி இந்தத் தீவின் கிணறுகள் உப்பாகிவிட்டன. வடக்கே பனி பெய்யும் ஒரு நாடு, கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட் ஒன்றைக் கொடுத்தது. அது ஓடத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. மக்களுக்குத் திருப்தியா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அந்த நாட்டு அமைச்சகம் தன் தலைநகரில் ஒரு நிறுவனத்திடம் இந்த வேலையைக் கொடுத்தது. அது சிங்கப்பூரில் ஒன்றிடம். அது சென்னையில் எங்கள் அலுவலகத்திடம். எங்கள் மேலாளர் சுதர்சன் சார் என்னிடம். எனக்குக் கீழே கொடுக்க யாருமில்லை.

"ட்ரீட்மெண்டுக்கு நம்ம பக்கம் வந்துட்டுப் போறவங்க அங்க நெறைய பேர். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் கெடைப்பாங்க, சமாளிச்சுக்கோ," என்றார். இந்த ஊர் மொழியான திவேஹி தெரிந்த ஆளைத் தேடுவதைவிட நான் சுலபம்.

பெட்டியை இழுத்துப்போகத் தள்ளுவண்டியோடு வந்தவர் ரெமிஜியூஸ். தூத்துக்குடிக்காரர். பிளான்ட்டைக் கட்டிய கம்பெனிக்காக அதை ஓட்டுபவர். இரண்டு வருடத்தில் கடை, கடல், கெட்ட வார்த்தை மூன்றுக்கும் போதுமான திவேஹி கற்றிருக்கிறார். கம்பெனி ஆள் என்பதால் எனக்கு மொழிபெயர்க்கக் கூடாது. விதி.

"எழுவத்தஞ்சுதான் கணக்கு மேடம்," என்றார், வண்டியைத் தள்ளிக்கொண்டே. "நூத்துக்கு எழுவத்தஞ்சு மார்க் வந்துட்டுன்னா பிளான்ட்ட தீவு மன்றத்துக்கிட்ட ஒப்படைச்சிட்டு கம்பெனி கெளம்பிரும். அதுக்குக் கொறஞ்சா இன்னொரு வருசம் இருந்து கோளாறெல்லாம் சரி பண்ணிக் குடுக்கணும். ஒப்பந்தம் அப்படி."

"என்ன கோளாறு?"

"அத ஊர்க்காரங்கல்லா சொல்லணும். அதக் கேக்கத்தான வந்திருக்கீய."


பிப்ரவரி 4, சனி

மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டார். ஷஃபீகா. நாற்பது வயது இருக்கும். பள்ளிச் சமையலறையில் வேலை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க. எந்த ஊரு?"

"மதுரை."

"மதுரைல எங்கிட்டு?"

நின்றுவிட்டேன். நடுக்கடலில் ஒரு எங்கிட்டு. மகளின் கண் சிகிச்சைக்காகக் கே.கே. நகரில் அறை எடுத்துப் பத்து மாதம் இருந்திருக்கிறார். தமிழ் எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. பேச்சு அச்சு அசல் எங்கள் தெரு. வந்தாய்ங்க, போனாய்ங்க எல்லாம் வருகிறது. என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி என்றேன். மூன்று முறை சொல்லிப்பார்த்துவிட்டு அரசி போதும் என்று முடிவு செய்தார்.

ஒன்பது வீடுகள். டேப்லெட்டில் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து சிரிப்பது வரை.

முதல் வீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் பேசினார். குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே போய் ஒரு பாத்திரத்தை எடுத்துவந்து காட்டினார். மறுபடி பேசினார்.

"என்ன சொல்றாங்கக்கா?"

ஷஃபீகா விரிவாக ஆரம்பித்தார். தெருவில் எட்டு வீடுகள் காத்திருந்தன. "கதையெல்லாம் வேணாம்க்கா. கடைசியா என்ன சொல்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

யோசித்தார். "பரவாயில்லைங்கிறாங்க."

பரவாயில்லைக்கு எந்த முகம்? மூன்றா, நான்கா? மூன்றைத் தொட்டால் 'காரணம்' என்று ஒரு பெட்டி திறக்கிறது. குறைந்தது ஐம்பது சொற்கள் எழுதாமல் மூடாது. நான்கைத் தொட்டால் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

நான்கு.


பிப்ரவரி 5, ஞாயிறு

பதினாறு வீடுகள். எல்லாம் பரவாயில்லை. எல்லாம் நான்கு.


பிப்ரவரி 6, திங்கள்

பதினைந்து வீடுகள். காலையிலேயே வெயில் கண்ணைக் குத்துகிறது.

அலி தீதி என்ற மீனவர் வீட்டில் அரைமணி நேரம் போய்விட்டது. பெரியவர். உட்காரச் சொல்லவில்லை. கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைக் காட்டினார். பிளான்ட்டிலிருந்து வரும் கருப்புக் குழாய் பவளப்பாறைக்கு உள்ளேயே முடிகிறது. அதைக் காட்டினார். கைகளை விரித்து எதையோ அளந்து காட்டினார். பிறகு விரல்நுனி அளவு. பிறகு வெறும் கை. கடைசியில் துப்பினார்.

"பரவாயில்லைங்கிறாரு," என்றார் ஷஃபீகா.

"இவ்ளோ நேரம் அதையா சொன்னாரு?"

"நெறைய சொன்னாரு. கடைசில அதான் சொன்னாரு. நீங்க கடைசில உள்ளதத்தான கேட்டீங்க."

நான்கு. வயதானவர்கள் எங்கும் இப்படித்தான், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள்.


பிப்ரவரி 7, செவ்வாய்

பதினெட்டு. மாலையில் எல்லாவற்றையும் அனுப்பியதும் சார் கட்டைவிரல் ஒன்று அனுப்பினார்.


பிப்ரவரி 8, புதன்

பதினான்கு வீடுகள்.

துவைத்துக் காயப்போட்ட குர்தா பலகைபோல் விறைத்திருக்கிறது. மடிப்புகளில் வெள்ளைக் கோடுகள். நக்கிப்பார்த்தேன். உப்பு. நான் குடிப்பது மாலேயிலிருந்து வரும் பாட்டில் தண்ணீர். விடுதிக்காரர் தினமும் இரண்டு வைத்துவிடுவார்.

மாலையில் பிளான்ட்டைப் பார்க்கப் போனேன். நீலத் தகரக் கொட்டகை. வாசலில் அந்த நாட்டுக் கொடி, எங்கள் மக்களின் அன்பளிப்பு என்ற வாசகம். உள்ளே சத்தத்தில் ரெமிஜியூஸ் கத்திப் பேசினார். வடிகட்டிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். ஒரு முறைகூட வரவில்லையாம்.

"கடல ஏத்திவிட்டதுல அவனுக்கும் பங்கு இருக்கு. ஏறுன கடல வடிச்சுக் குடின்னு மெசினு குடுத்ததும் அவந்தான். நல்ல மனசுதான் போங்க," என்று சிரித்தார். பிறகு, "மார்க் எப்படி வருது மேடம்?"

"எண்பது."

சிரிப்பு நின்றது. ஒரு குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். "எம்பதா. ஊர்க்காரங்களே சொன்னாங்களோ?"

"ஆமா."

"அப்பஞ் சரி. நான் பெட்டியக் கட்டவேண்டியதுதான்."

அவர் முகத்தை விவரித்து ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். வேலை போகப்போகிற வருத்தமாக இருக்கும்.


பிப்ரவரி 9, வியாழன்

இருபத்திரண்டு வீடுகள். ஒரே நாளில் இவ்வளவு யாரும் செய்ததில்லை என்றார் சார். மொத்தம் தொண்ணூற்று நான்கு. மீதி இருபத்தாறுதான்.

கொடை நாட்டு அமைச்சகத்திலிருந்து ஹெல்கா என்ற அதிகாரி எனக்கே நேராக மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். பதினான்காம் தேதி ஒப்படைப்பு விழாவுக்கு வருகிறார். அடுத்து ஆறு தீவுகளில் இதே மாதிரி பிளான்ட்கள். 'உங்கள் எண்கள் எங்களுக்கு நம்பிக்கை தருகின்றன.' அந்த வரியை மூன்று முறை படித்தேன்.


பிப்ரவரி 10, வெள்ளி

ஷஃபீகா வீட்டில் மதியச் சாப்பாடு.

சோறு, சூரை மீன் சாறு, எலுமிச்சை, பச்சை மிளகாய், வெங்காயம். கருதியா என்கிறார்கள். செய்முறை: மீனைத் துண்டாக்கி உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். நுரை வர வர எடுத்துவிட வேண்டும். மசாலா கிடையாது. நுரையை எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மழைத்தண்ணீரில்தான் செய்வாராம். பிளான்ட் தண்ணீரில் செய்தால் மீனின் நிறம் மாறிவிடுகிறது என்றார். அதை நான் மேலே கேட்கவில்லை.

மகள் நஷ்வா, பதின்மூன்று வயது. இடது கண் கண்ணாடிக் கண். என்னிடம் ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்காட்டினாள்: "சீக்கிரம்." ஆஸ்பத்திரியில் கற்றது.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

"இன்னும் கொஞ்சம் மீன் போடவா?" என்று ஷஃபீகா கரண்டியோடு வந்தார். வயிறு நிறைந்திருந்தது.

"பரவாயில்லக்கா," என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. முகம் விழுந்துவிட்டது. "ஏன், என்ன ஆச்சு? உப்புக் கூடிப்போச்சா?"

"இல்லக்கா, நல்லா இருக்கு. போதும்னு சொன்னேன்."

"போதும்னா போதும்னு சொல்லணும்ல. பரவாயில்லைன்னதும் பயந்துட்டேன்."

"அதுல பயப்பட என்ன இருக்கு?"

எதிரில் உட்கார்ந்தார். தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"மதுரைல நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாய்ங்க. நல்லா இல்லைன்னாத்தான் பரவாயில்லைம்பாய்ங்க. கொழாயில தண்ணி வரல, ஓனரம்மாகிட்ட போய் நின்னா, பரவாயில்ல, நாளைக்கு வரும்பாங்க. பஸ்ஸுல ஒருத்தன் கால மிதிச்சுட்டா, பரவாயில்லன்னு நாந்தான் சொல்லணும், அவன் சொல்ல மாட்டான்." சிரித்தார். நானும் சிரித்தேன். "இவ கண்ண எடுத்துத்தான் ஆகணும்னு சொன்னாங்கள்ல, அன்னைக்கு ஓனரம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, பரவாயில்ல விடும்மா, இன்னொண்ணு இருக்குல்லன்னாங்க. அன்னைக்குத்தான் அந்த வார்த்தை எனக்கு நல்லாப் புரிஞ்சது. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, பேசி என்ன ஆகப்போகுது, விட்ரு. அதான?"

நஷ்வா என் தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டை வைத்தாள்.

"ஆமாக்கா," என்றேன். "அதான்."

தலைவலி. இருட்டுமுன்பே படுத்துவிடப் போகிறேன்.


பிப்ரவரி 11, சனி

வீடுகளுக்குப் போகவில்லை. ஷஃபீகாவைப் படகுத்துறைக்கு வரச்சொன்னேன். முதல் வீட்டுப் பெண் என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. தொண்ணூற்று நான்கு வீடும்.

அந்தக் குழந்தைக்கு முழங்கையில் தடிப்பு. பிளான்ட் தண்ணீரில் குளிப்பாட்டுவதை நிறுத்தினால் போய்விடுகிறது, தொடங்கினால் வருகிறது. பாத்திரத்தின் அடியில் செதில் செதிலாக உப்பு. மூன்று தடவை சொல்லியாயிற்று; ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். அலி தீதி சொன்னது: பிளான்ட் கக்கும் கடும் உப்புநீர் பாறைக்கு உள்ளேயே விழுகிறது. தூண்டிலுக்கு வேண்டிய சிறு மீன்கள் அங்கேதான் கூட்டம் கூட்டமாக இருக்கும். இப்போது இல்லை. இரை பிடிக்கவே வேறு தீவின் பாறைக்கு இரண்டு மணி நேரம் போகிறார்கள். குழாயைப் பாறைக்கு வெளியே நீட்டுங்கள், வேறெதுவும் வேண்டாம், என்று கேட்டிருக்கிறார். நான் எதிரில் நின்றிருந்தேன்.

ஷஃபீகா எதையும் மறைக்கவில்லை. நான் கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்.

அவரிடம் நான்கைப் பற்றிச் சொல்லவில்லை. மீதி வீடுகளில் விரிவாகக் கேட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்று சொன்னேன். "அப்பாடா," என்றார். "சுருக்கிச் சுருக்கி எனக்கே வாய் வலிச்சது."

சாரிடம் போனில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை.

"சரி, இப்ப என்ன பண்ணணுங்கற?"

"எல்லா வீட்டையும் திரும்பக் கேக்கணும் சார்."

"பதினாலாம் தேதி அந்தம்மா வந்து எறங்குறாங்க. கல்வெட்டு அடிச்சாச்சு. எப்ப கேப்ப?"

"ஆனா எல்லா நாலும் தப்பு சார்."

"எப்படித் தப்பு? பரவாயில்லைன்னா என்ன, ஓரளவு திருப்தி. இது தமிழ் வார்த்தை. நீ தமிழ்ப் பொண்ணு. இந்த வார்த்தைக்கு அர்த்தம் நீ சொல்லணுமா, அவங்க சொல்லணுமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தது. சொல்லவில்லை.

"மார்ச்ல உன்ன பர்மனென்ட் பண்ண லெட்டர் என் டேபிள்ல இருக்கு அரசி. கொழப்பிக்காத. மீதி இருபத்தாற உன் மனசாட்சிப்படி பண்ணு, போ."


பிப்ரவரி 12, ஞாயிறு

பதின்மூன்று வீடுகள். எதையும் வெட்டவில்லை. ஒன்றுகள், இரண்டுகள். காரணப் பெட்டி ஒவ்வொன்றும் நிரம்பி வழிகிறது. விரல் நோகிறது. ஒரு வீட்டில், என் அக்காவிடம் மட்டும் ஏன் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டுப் போனீர்கள் என்றார்கள். நேரமில்லை என்று சொல்லச் சொன்னேன்.


பிப்ரவரி 13, திங்கள்

கடைசி பதின்மூன்றும் முடிந்தது.

மதியம் கணக்குப் போட்டேன். இந்த இருபத்தாறையும் சேர்த்தால் மொத்தம் அறுபத்தொன்பதரை. எழுபத்தைந்துக்குக் கீழே. கம்பெனி இன்னொரு வருடம் இருந்தாக வேண்டும். வடிகட்டி, குழாய், எல்லாம். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளாமலே எல்லாம் சரியாகிவிடும்.

இரண்டு முறை கூட்டிப்பார்த்தேன். அதே அறுபத்தொன்பதரை. விடுதி முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். அனுப்பினேன்.

நான்கு மணிக்கு சாரின் பதில்: 'பாதியில் கேட்கும் முறையை மாற்றிவிட்டாய். கடைசி இருபத்தாறு வீடுகளைக் கணக்கில் சேர்க்க முடியாது. புள்ளியியல் ஒப்புக்கொள்ளாது. இறுதி எண் எண்பது.'

அந்த அழுகையை நினைத்தால் இன்னும் கூசுகிறது.


பிப்ரவரி 14, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன்.

முதலில் இதை எழுதிவிட்டால் மற்றதை எழுத முடியும் என்று நினைத்தேன்.

காலையில் ஹெல்கா கடல்விமானத்தில் வந்தார். உயரமான பெண், நரைத்த தலை, கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார். என்னைத் தனியாக அழைத்துக் கைகொடுத்தார். இந்த வேலையில் இருபது வருடமாக இருக்கிறாராம். பல தீவுகளில் நாங்கள் கொடுத்தது துருப்பிடித்துக் கிடக்கிறது, இந்த ஒன்றாவது சரியாக வந்திருக்கிறதே என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்தேன்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஹெல்கா ஆங்கிலத்தில் பேச, மன்றச் செயலாளர் திவேஹியில் சொன்னார். ஷஃபீகா மூன்றாவது வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். பச்சைத் துணியில் முக்காடு. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எண்பது என்ற எண் படிக்கப்பட்டது. செயலாளர் அதைச் சொன்னதும் அறையில் ஒரு சலசலப்பு. அலி தீதி எழுந்தார். கத்தவில்லை. கையை விரித்து அளந்தார், விரல்நுனி காட்டினார், வெறும் கையைக் காட்டினார். இந்த முறை செயலாளர் ஆங்கிலத்தில் சொல்ல, எனக்கு எல்லாம் புரிந்தது. 'நான் இதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் சொன்னேன். திருப்தி என்று நான் எப்போது சொன்னேன்?' என்று கேட்டார்.

பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று பெண்கள் பேசினார்கள். முதல் வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்.

ஹெல்கா மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் மெதுவாகக் கேட்டார்: "இந்த எண் சரியா? சரியில்லை என்றால் இப்போதே சொல். இதை இன்றைக்கே என்னால் நிறுத்த முடியும்."

நிறுத்த முடியும் என்றார். அவரால் முடியும். முகத்தில் தெரிந்தது.

ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

நான் சொன்னது, ஆங்கிலத்தில்: "சில இடங்களில் மொழிபெயர்ப்பில் பிழை இருந்திருக்கலாம். மொத்தத்தில் சரிதான்."

இருந்திருக்கலாம். எவ்வளவு பதமான வினைச்சொல். பல்கலைக்கழகத்தில் கற்றது. யார் செய்தார் என்று சொல்லாமலே யாரோ செய்தார் என்று சொல்லிவிடலாம்.

செயலாளர் அதைத் திவேஹியில் சொன்னார். திவேஹியில் அந்தப் பதம் இல்லைபோலும். அறை முழுக்கத் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த பெண் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். நான் பார்த்தேன். ஒரு கையளவு இடம்.

மன்றத் தலைவர் வெகுநேரம் செயலாளரோடு குசுகுசுத்தார். பிறகு எழுந்து, இதை ஏற்காவிட்டால் அடுத்த ஆறு தீவுகளுக்கும் தள்ளிப்போகும், அந்தப் பழி நமக்கு வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஹெல்கா போட்டார். ஆய்வு அலுவலர் என்ற இடத்தில் நான். பேனா எழுதவில்லை, ஹெல்கா தன்னுடையதைக் கொடுத்தார்.

வெளியே வரும்போது ஷஃபீகா கதவோரம் நின்றார்.

"அரசி, என்னையப் பத்தி என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லையா?"

"பொதுவா சொன்னேன்."

நஷ்வா பள்ளிச் சீருடையில் வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.


அதே நாள், மாலை

ஹெல்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பரவாயில்லை என்றால் என்ன, நான் ஏன் நான்கு போட்டேன், எப்போது தெரிந்துகொண்டேன், எல்லாம். பிழை என்னுடையது, ஷஃபீகாவுடையது அல்ல. இரண்டு பக்கம். அனுப்பிவிட்டேன். இதைத் துணிச்சல் என்று எழுத நினைத்துவிட்டேன், ஒரு நொடி. ஹெல்கா விமானம் ஏறிப்போய் ஐந்து மணி நேரம் ஆகிறது.


பிப்ரவரி 15, புதன்

படகில் எழுதுகிறேன். கோணலாக.

காலையில் ஹெல்காவின் பதில் வந்திருந்தது. நான்கு வரி. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. ஒப்படைப்பு சட்டப்படி முடிந்துவிட்டது. என் கடிதம் அறிக்கையின் 'கற்ற பாடங்கள்' என்ற பின்னிணைப்பில் சேர்க்கப்படும். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: 'நான் உங்களிடம் கேட்டேனே.'

ஏழு மணிக்குப் படகுத்துறைக்குப் போனேன். ரெமிஜியூஸும் இதே படகில். ஒப்படைத்தாயிற்று, இனி அவருக்கு இங்கே வேலையில்லை. ஒரு வாரம் பயிற்சி பெற்ற இரண்டு பேரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். வடிகட்டி எப்போது வரும் என்று அவர்கள் கேட்டார்களாம். "அத நீங்கதான் இனி வாங்கணும்னு சொன்னேன். முழிச்சாங்க," என்றார்.

துறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். என்னை வழியனுப்ப அல்ல. படகில் பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகள் வந்திருந்தன, எடுத்துப்போக வந்தவர்கள். ஷஃபீகாவும் இருந்தார், வரிசையின் ஓரத்தில், கொஞ்சம் தள்ளி. நேற்று நகர்ந்து உட்கார்ந்த பெண்ணும் இருந்தார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஷஃபீகாவிடம் போனேன்.

"அக்கா, இவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும். நீங்கதான் அவங்க பாஷைல சொல்லணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சொல்லுங்க."

சொன்னேன். எல்லோரையும் பார்த்துக்கொண்டு. அக்கா எதுவும் தப்பாகச் சொல்லவில்லை. நான்தான் சுருக்கமாகக் கேட்டேன். அவர் சொன்ன வார்த்தைக்கு எனக்கு வசதியான அர்த்தத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமையே எனக்கு உண்மை தெரியும். தெரிந்த பிறகும் நேற்று அந்த அறையில் அவர் மேல் பழியைப் போட்டேன். கேட்ட ஒரே கேள்விக்குப் பொய் சொன்னேன். உங்கள் தண்ணீருக்கும் உங்கள் மீனுக்கும் நான் செய்தது இது. நிறுத்தாமல் சொன்னேன். இந்தப் பன்னிரண்டு நாளில் இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

முடித்ததும் பெண்கள் ஷஃபீகாவைப் பார்த்தார்கள்.

அவர் திரும்பி அவர்களிடம் ஏதோ சொன்னார். ஒரு மூச்சுக்குள் அடங்கும் அளவு. நான்கைந்து சொற்கள் இருக்கலாம்.

ஒரு பெண் தலையாட்டினார். இன்னொருவர் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கித் தலைக்கு ஏற்றினார். வரிசை இரண்டாகப் பிரிந்து இடம்விட்டது.

"என்னக்கா சொன்னீங்க?"

"கடைசியா உள்ளதச் சொன்னேன்," என்றார். இன்று முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. "ஏறுங்க. படகு கெளம்பப் போகுது."

ஏறினேன்.

எதிர்ப்பலகையில் ரெமிஜியூஸ் உட்கார்ந்திருந்தார். தீவு மறையும்வரை கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அவங்க என்ன சொன்னாங்கண்ணே, உங்களுக்குப் புரிஞ்சதா?"

"புரிஞ்சுது."

"சொல்லுங்க."

"வேண்டாம் மேடம்."

"சொல்லுங்கண்ணே."

கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்தப் பொண்ணு கெளம்புதாம், வழி விடுங்கன்னாங்க."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் யோசித்துவிட்டேன். ஷஃபீகா சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்.